பதுங்கலும் ஓய்வும்: விலகிய தாதாவின் பழிவாங்கலைச் சொல்லும் சிறுமுதலீட்டுத் திரைப்படங்கள்

1. வரையறையும் கேள்வியும்

பல நாட்டுத் திரையுலகங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவந்திருக்கும் கதைகளுள் ஒன்று, அடிதடித் தொழிலைக் கைவிட்டு ஒதுங்கி வாழும் ஒரு தாதா, தனக்கு நேர்ந்த இழப்பின் காரணமாக மீண்டும் ஆயுதம் எடுக்கும் கதையாகும். ஜப்பானில் செய்ஜுன் சுசுகி இயக்கிய 'டோக்கியோ ட்ரிஃப்டர்' (1966), ஹாங்காங்கில் ஜான் வூ இயக்கிய 'எ பெட்டர் டுமாரோ' (1986), அமெரிக்காவில் ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கிய 'தி லைமி' (1999), சாட் ஸ்டஹெல்ஸ்கி இயக்கிய 'ஜான் விக்' (2014) ஆகியவை இந்த மரபின் வெவ்வேறு காலத்து வடிவங்கள். தமிழில் சுரேஷ் கிருஷ்ணா இயக்கிய 'பாட்ஷா' (1995) இதே எலும்புக்கூட்டின்மேல் கட்டப்பட்டது என்பதைத் தமிழ்ப் பார்வையாளர்கள் உடனே உணர்ந்துகொள்வர்.

'ஓய்வுபெற்ற தாதா' என்னும் தொடரிலேயே ஒரு சிக்கல் உள்ளது. அரசு ஊழியர் ஓய்வுபெறும்போது அவருடைய பழைய கையொப்பத்திற்கு இருந்த அதிகாரம் முடிந்துபோகிறது. அடிதடிக்காரன் ஓய்வுபெறும்போது அவனுடைய பெயருக்கு இருந்த அச்சுறுத்தும் ஆற்றல் முடிவதில்லை. பகைவர்கள் மறப்பதில்லை, பழைய தலைவன் கணக்கை மூடுவதில்லை, பார்வையாளரும் அவன் சும்மா இருப்பான் என்று நம்புவதில்லை. புலி பதுங்குவது பாய்வதற்கே என்னும் பழமொழியைப் பார்வையாளர் மனத்தில் வைத்துக்கொண்டுதான் இத்தகைய படத்திற்குள் நுழைகிறார். ஆகவே இந்த மரபை ஆராய்வோர் கேட்க வேண்டிய முதற்கேள்வி, ஒரு படம் தன் நாயகனின் விலகலை உண்மையான ஓய்வாகக் கருதுகிறதா, பாய்ச்சலுக்கு முந்தைய பதுங்கலாக மட்டும் கருதுகிறதா என்பதாகும்.

இக்கேள்வி படத்தின் முதலீட்டோடு நெருங்கிய தொடர்புடையது என்பதே இக்கட்டுரையின் வாதம். பணம் குறைவாக இருந்த இடங்களில் இந்தக் கதைவடிவம் தன் தனித்த உத்திகளைக் கண்டடைந்தது. அந்த உத்திகளே ஓய்வு என்பதற்கு ஒரு கனத்தைக் கொடுத்தன. பணம் பெருகியபோது பாய்ச்சல் வளர்ந்தது, ஓய்வு சுருங்கியது.

2. சிறுமுதலீடு என்னும் நிலைமை

சிறுமுதலீடு என்பது எல்லா ஊருக்கும் பொதுவான ஒரு தொகையைக் குறிக்காது. ஒரு படம் தான் உருவாகும் திரையுலகின் வழக்கமான செலவோடு ஒப்பிடுகையில் எந்த நிலையில் நிற்கிறது என்பதே அளவுகோல். 'ஜான் விக்' படத்திற்கு ஆன இரண்டு முதல் மூன்று கோடி டாலர் தமிழ்த் திரையுலகில் மாபெரும் தொகை. ஆனால் பத்துக் கோடி டாலருக்கு மேல் செலவிடுவது சாதாரணமாகிவிட்ட ஹாலிவுட் சண்டைப்படச் சந்தையில் அது சிக்கனமான தொகையாகவே கருதப்பட்டது. 'தி லைமி' ஏறத்தாழ ஒரு கோடி டாலரில் முடிந்தது.

இந்த மரபுக்குத் தொட்டிலாக இருந்தவை பெரும்பாலும் துணைப்படங்கள். ஒரே சீட்டில் இரண்டு படங்கள் காட்டப்பட்ட காலத்தில், முதன்மைப் படத்தோடு சேர்த்து ஓட்டுவதற்காக விரைவாகவும் மலிவாகவும் எடுக்கப்பட்டவையே துணைப்படங்கள் அல்லது 'பி' படங்கள் எனப்பட்டன. ஜப்பானின் நிக்கட்சு நிறுவனத்தில் 1956 முதல் 1967 வரை 40 படங்களை இயக்கிய சுசுகி, இத்தகைய படங்களை ஏறக்குறைய 25 நாள் படப்பிடிப்பில் முடித்துக்கொடுக்க வேண்டியிருந்தது. கதையும் நடிகர்களும் பெரும்பாலும் நிறுவனம் கொடுப்பவை. இயக்குநருக்கு மிஞ்சியது வண்ணமும் கோணமும் வெட்டும் மட்டுமே. 'டோக்கியோ ட்ரிஃப்டர்' படத்தில் கலை இயக்குநர் தகேயோ கிமுராவோடு சேர்ந்து அவர் அமைத்த வெண்மையான இரவு விடுதி, ஏறத்தாழ வெறுமையான ஒரு தளமும் சில தூண்களும் விளக்குகளும் மட்டுமே கொண்டது. செலவு குறைந்த அந்த வெறுமையே இன்று அப்படத்தின் அடையாளமாக நினைக்கப்படுகிறது. அடுத்த ஆண்டு அவர் எடுத்த 'பிராண்டட் டு கில்' புரியாத படம் என்று நிறுவனம் கருதியது. 1968இல் அவர் வேலைநீக்கம் செய்யப்பட்டதும் அவர் வழக்குத் தொடுத்ததும் ஜப்பானியத் திரை வரலாற்றில் நன்கு அறியப்பட்ட செய்திகள்.

துணைப்படங்களின் காலம் முடிந்தபின் அந்த இடத்தை வீடியோச் சந்தை நிரப்பியது. 1989இல் டோயெய் நிறுவனம், திரையரங்கிற்குப் போகாமல் நேராக வீடியோக் கடைகளுக்குச் செல்லும் 'வி-சினிமா' என்னும் வரிசையைத் தொடங்கியது. அடிதடிக் கூட்டங்களையும் பழிவாங்கலையும் சொல்லும் படங்கள் அங்கே ஏராளமாக வந்தன. மேற்கில் இதற்கு இணையான அண்மைக்கால வழி பொதுமக்களிடம் இணையத்தில் நிதி திரட்டுவதாகும். ஜெரெமி சோல்னியர் தம் சொந்தப் பணத்தோடு அவ்வழியில் கிடைத்த நிதியையும் சேர்த்து எடுத்த 'ப்ளூ ரூயின்' (2013), கான் விழாவின் இயக்குநர்கள் பிரிவில் திரையிடப்பட்டு விமர்சகர் கூட்டமைப்பின் பரிசைப் பெற்றது. அதன் நாயகன் தாதா அல்லன். பூட்டிய துப்பாக்கியைத் திறக்கக்கூடத் தெரியாத, காரில் குடியிருக்கும் ஒரு சாதாரண மனிதன். பழிவாங்கலுக்குத் தொழில்திறமை வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதை, அத்திறமை இல்லாதவனை நடுவில் நிறுத்தியே அப்படம் வெளிக்கொணர்கிறது.

3. அடி வாங்கும் காட்சி

இந்த மரபின் எல்லாப் படங்களிலும் ஏதோ ஒரு வடிவில் வந்துவிடும் முதல் உறுப்பு, நாயகன் எதிர்த்து அடிக்காமல் அடி வாங்கும் காட்சியாகும். 'டோக்கியோ ட்ரிஃப்டர்' இப்படித்தான் தொடங்குகிறது. குராத்தா என்னும் தலைவன் தன் கூட்டத்தைக் கலைத்துவிட்டு நேர்வழித் தொழிலுக்கு வந்துவிட்டான். அவனுடைய முதன்மை அடியாளான தெத்சுவை எதிர்க்கூட்டத்தார் சூழ்ந்து அடிக்கிறார்கள். தலைவன் விலகிவிட்டதால் தெத்சு கையை ஓங்குவதில்லை. வெளிச்சம் மிகுந்து கண்ணைக் கூசவைக்கும் கறுப்புவெள்ளையில் இத்தொடக்கம் அமைந்திருக்க, அதன்பிறகே படம் வண்ணத்திற்கு மாறுகிறது. எதிர்க்கூட்டத் தலைவன் ஒத்சுகா இந்த அடியை ஒரு சோதனையாக நடத்துகிறான்: விலகல் உண்மையா, பாசாங்கா என்று அவனும் அறிய விரும்புகிறான். பார்வையாளரின் கேள்வியும் அதுவே என்பதால், வில்லன் இங்கே பார்வையாளரின் இடத்தில் நிற்கிறான்.

'பாட்ஷா'வில் ஆட்டோ ஓட்டுநர் மாணிக்கம் கம்பத்தில் கட்டப்பட்டு அடிபடும் காட்சி இதே உறுப்பின் தமிழ் வடிவம். அடிபடும் முகத்தில் நோவு இல்லாமல் புன்னகை இருப்பதால் அவன் சாதாரண ஆள் அல்லன் என்னும் பார்வையாளரின் ஐயம் உறுதிப்படுகிறது. ஆனால் வீட்டாருக்கு இன்னும் தெரியாது. 'தி லைமி'யில் நாயகன் வில்சன் ஒரு கிடங்கில் நுழைந்து இறந்துபோன தன் மகளைப் பற்றி விசாரிக்கும்போது அங்குள்ளவர்கள் அவனை உதைத்து வெளியே எறிகிறார்கள். 'ஜான் விக்'கில் வீட்டுக்குள் புகுந்தவர்கள் நாயகனை அடித்து வீழ்த்தி, இறந்த மனைவி அவனுக்கென அனுப்பிவைத்த நாய்க்குட்டியைக் கொன்று, காரைக் கொண்டுபோகிறார்கள்.

இக்காட்சிக்கு இரண்டு பணிகள் உண்டு. முதலாவது, அறக்கணக்கைத் தொடங்கி வைப்பது: நாயகன் பொறுத்தான், பொறுமை மதிக்கப்படவில்லை, ஆகவே இனி அவன் செய்வது நியாயம் என்று பார்வையாளர் ஒப்புக்கொள்ள இக்காட்சி வழிசெய்கிறது. இரண்டாவது, செலவுக் கணக்கு: ஒருவன் அடி வாங்குவதைப் படமாக்க ஒரு தெருவும் நான்கு பேரும் போதும்; அவன் பெற்றிருக்கும் வலிமையை, அதைக் காட்டாமலேயே பார்வையாளர் மனத்தில் இக்காட்சி ஏற்றிவிடுகிறது. அடக்கப்பட்ட ஆற்றல் வெளிப்பட்ட ஆற்றலைவிட மலிவானது மட்டுமல்ல, வலியதும்கூட என்பதைச் சிறுமுதலீட்டுப் படைப்பாளிகள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

4. வதந்தியாக வரும் கடந்தகாலம்

தாதாவின் கடந்தகாலம் செலவு மிகுந்தது. கூட்டங்களின் மோதல், பழைய நகரம், பழைய கார்கள், நூறு துணைநடிகர்கள் என்று அதைக் காட்டப் புகுந்தால் அதற்கே தனியாக ஒரு படத்தின் செலவு ஆகும். எனவே சிறுமுதலீட்டுப் படம் கடந்தகாலத்தைக் காட்டாமல் அதைப் பிறர் வாயால் சொல்லவைக்கிறது. தமிழ்த் திரைப்பேச்சில் 'பில்டப்' எனப்படும் இந்த உத்தி, நாயகனைப் பற்றிய பிறருடைய அச்சத்தைக் காட்டி நாயகனின் உருவத்தைப் பெரிதாக்குவதாகும்.

'ஜான் விக்' முதற்படத்தில் இதன் மிகத் தேர்ந்த எடுத்துக்காட்டு உள்ளது. கார் திருடியவன் தன் மகன் என்று அறிந்த ரஷ்யக் கூட்டத் தலைவன் விக்கோ, அந்த மகனிடம் ஜான் விக் யார் என்பதை மெதுவான குரலில் விளக்குகிறான். அதே நேரத்தில் வேறோர் இடத்தில் ஜான் தன் வீட்டுக் கீழ்த்தளத்தின் காங்கிரீட் தரையைச் சம்மட்டியால் உடைத்துக்கொண்டிருக்கிறான். தரைக்கடியில் புதைத்துவைத்த ஆயுதங்களும் தங்கக் காசுகளும் அடங்கிய பெட்டி வெளிப்படுகிறது. அந்தக் காட்சியில் ஒரு தோட்டாவும் சுடப்படுவதில்லை. இருவர் பேசும் ஓர் அறை, ஒருவன் தரையை உடைக்கும் இன்னோர் அறை, இரண்டையும் மாறிமாறிக் காட்டும் படத்தொகுப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து, காட்டப்படாத பல ஆண்டுகளின் கொலைகளைப் பார்வையாளர் மனத்தில் நிறுவிவிடுகின்றன. சொந்தக் கையால் காங்கிரீட் ஊற்றி மூடியதை அவன் சொந்தக் கையாலேயே உடைக்க வேண்டியிருக்கிறது என்பதால், அவனுடைய விலகல் உண்மையாக இருந்தது என்பதும் அக்காட்சியில் உறுதியாகிறது. இந்த மரபில் ஓய்வுக்குக் கிடைத்த மிகச் சிறந்த காட்சிவடிவம் அந்தக் காங்கிரீட் தரை என்று சொல்லலாம்.

'பாட்ஷா'வில் இதற்கு நிகரான இடம் மருத்துவக் கல்லூரிக் காட்சி. தங்கைக்கு இடம் கேட்டுவந்த மாணிக்கம், கல்லூரித் தலைவரிடம் தனக்கு இன்னொரு பெயர் இருப்பதாகச் சொல்லத் தொடங்குகிறான். கேமரா கண்ணாடிக்கு வெளியே நிற்கும் தங்கையின் பக்கம் வந்துவிடுகிறது. அவளுக்குக் கேட்காத சொல் பார்வையாளருக்கும் கேட்பதில்லை. அதுவரை அலட்சியமாக உட்கார்ந்திருந்தவர் நாற்காலியை விட்டு எழுவது மட்டும் தெரிகிறது. பெருநட்சத்திரப் படமாகிய 'பாட்ஷா' சிறுமுதலீட்டு வகையைச் சேர்ந்ததன்று. பின்பகுதியில் மும்பை வாழ்க்கையை நீண்ட பிளாஷ்பேக்காக அது விரிவாகவே காட்டுகிறது. எனினும் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் மக்கள் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லும் காட்சிகளுள், ஒரு கண்ணாடியும் ஒரு நாற்காலியும் மட்டுமே தேவைப்பட்ட இக்காட்சி முன்வரிசையில் இருப்பது கருதத்தக்கது. பணம் இருந்தும் சிக்கனத்தின் உத்தியை நாடிய இடம் அது.

5. காட்டப்படாத சண்டை

கடந்தகாலத்தை மறைப்பது போலவே சண்டையையும் மறைக்க முடியும் என்பது இந்த மரபின் அடுத்த கண்டுபிடிப்பு. 'தி லைமி'யின் கிடங்குக் காட்சி இதற்கு மிகச் சிறந்த சான்று. உதைபட்டு வெளியே வீசப்பட்ட வில்சன் எழுந்து, துப்பாக்கியோடு மீண்டும் உள்ளே நடந்துபோகிறான். கேமரா அவனைப் பின்தொடர்வதில்லை, தெருவிலேயே நின்றுவிடுகிறது. உள்ளிருந்து வெடிச்சத்தம் வருகிறது. ஓர் இளைஞன் உயிர்தப்பி ஓடிவருகிறான். பின்னால் முகத்தில் இரத்தத் தெறிப்போடு வரும் வில்சன், தான் வருவதாக அவன் முதலாளியிடம் சொல்லும்படி கத்துகிறான். உள்ளே எத்தனை பேர், எப்படி விழுந்தார்கள் என்பவை எதுவும் காட்டப்படவில்லை. பின்னர் மலைமேல் உள்ள வீட்டு விருந்தில் அவன் ஒரு காவலாளைத் தடுப்புக்கு மேல் தூக்கி வீசுவதும், முன்னால் வேறொரு பேச்சு நடந்துகொண்டிருக்க, பின்னணியில் சிறிதாக நிகழ்ந்து முடிகிறது.

தகேஷி கித்தானோவின் 'சோனாட்டின்' (1993) இதற்கு ஆறு ஆண்டு முந்தையது. யாகுசா என்பது ஜப்பானின் அமைப்புரீதியான குற்றக் கூட்டங்களையும் அவற்றின் உறுப்பினரையும் குறிக்கும் சொல். அப்படத்தின் நாயகன் முரகாவா, தொழில் அலுத்துவிட்டது, விட்டுவிடலாமா என்று தொடக்கத்திலேயே சொல்லும் யாகுசா. ஒக்கினாவாவுக்கு அனுப்பப்பட்டு, அது தன்னை அழிக்கப் போட்ட திட்டம் என்று தெரிந்தபின் அவன் தீர்க்கும் இறுதிக் கணக்கில், விளக்கணைந்த விடுதியின் சன்னல்களில் மின்னி மின்னி மறையும் துப்பாக்கி வெளிச்சமே பெரும்பகுதியும் காட்டப்படுகிறது. அதற்கு முன் கடற்கரையில் அந்த முரட்டு ஆட்கள் மணலில் சுமோ விளையாடியும் குழி வெட்டி ஒருவரையொருவர் விழவைத்தும் பொழுது போக்கும் நீண்ட பகுதி, ஓய்வு என்பது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதன் ஒரு கோட்டோவியம். படத்தின் இதயம் சண்டையில் இல்லை, அந்த மணலில்தான் இருக்கிறது.

காட்டாமல் விடுவதற்குச் செலவுக் காரணம் மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. ஸ்டண்ட் கலைஞர், வெடிமருந்து, சேதமாகும் அரங்கு, காப்பீடு, கூடுதல் படப்பிடிப்பு நாள் ஆகியவற்றை மிச்சப்படுத்தும் அதே முடிவு, பார்வையாளருக்கு வன்முறையின் இன்பத்தைக் கொடுக்காமல் அதன் விளைவை மட்டும் கொடுக்கிறது. உள்ளே போன மனிதனும் வெளியே வந்த மனிதனும் ஒருவனல்லன் என்பதைப் பார்வையாளர் முகத்தைப் பார்த்தே அறிய நேர்கிறது. விலகியவன் மீண்டும் தொழிலுக்குத் திரும்புவது வெற்றியா வீழ்ச்சியா என்னும் கேள்வி, அந்த மூடிய கதவுக்கு முன்னால்தான் கூர்மையாக எழுகிறது.

6. நடிகரின் வயதும் பழைய படங்களும்

சிறுமுதலீட்டுப் படத்திற்கு உச்சத்தில் இருக்கும் நட்சத்திரம் கிடைப்பதில்லை. கிடைப்பவர் பெரும்பாலும் சந்தையில் மதிப்புக் குறைந்துவிட்ட மூத்த நடிகர். இந்தக் கதைவடிவம் அந்தக் குறையையே முதலாக்கிக்கொண்டது. ஹாங்காங்கில் 1970களில் ஷா சகோதரர்கள் நிறுவனத்தின் வாட்சண்டை நாயகனாகப் புகழ்பெற்ற தீ லுங், அந்தப் புகழ் மங்கிய நிலையில் 'எ பெட்டர் டுமாரோ'வில் சிறையிலிருந்து வெளிவந்து டாக்ஸி ஓட்டப்போகும் ஹோ என்னும் பாத்திரத்தை ஏற்றார். அவருடைய நண்பன் மார்க்காக நடித்த சோ யுன்-ஃபாட், அதுவரை திரையரங்குகளில் வசூல் தராதவர் என்று பெயரெடுத்திருந்தார். இறுக்கமான முதலீட்டில் உருவான அப்படம் ஹாங்காங்கின் வசூல் சாதனையை முறியடித்தது. விலையுயர்ந்த மேலங்கியோடு தோன்றிய மார்க், கால் ஊனமுற்றபின் பழைய கூட்டாளியின் கார்க் கண்ணாடியைத் துடைத்து, அவன் தரையில் எறியும் பணத்தைப் பொறுக்கி, வாகனக் கொட்டடியில் உட்கார்ந்து பொட்டலச் சோறு தின்பதை ஹோ பார்த்துவிடும் காட்சியில், தாழ்ந்துபோன நிலைமையின் அவமானம் எந்தச் சண்டைக்காட்சியும் இல்லாமலே முழுமையாக வந்துவிடுகிறது. இதன் கதைமூலம் 1967இல் லுங் கோங் இயக்கிய, சிறை மீண்டவரைச் சமூகம் ஏற்க மறுப்பதைப் பேசிய படம் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. சமூகப் படமாக இருந்த கதை இருபது ஆண்டுகளில் துப்பாக்கிப் படமாக மாறியபோதும், சிறை மீண்டவர்களுக்கு வேலை கொடுக்கும் டாக்ஸி நிறுவனம் என்னும் நெஞ்சைத் தொடும் கூறு உதிராமல் நின்றது.

'தி லைமி' இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுசென்றது. வில்சனாக நடித்தவரும் 1938இல் பிறந்தவருமான டெரன்ஸ் ஸ்டாம்ப், கென் லோச் இயக்கிய 'புவர் கவ்' (1967) படத்தில் ஓர் இளம் திருடனாக நடித்திருந்தார். சோடர்பெர்க் அந்தப் பழைய படத்தின் துண்டுகளையே வில்சனின் இளமை நினைவுகளாகத் தம் படத்தில் சேர்த்துக்கொண்டார். ஒப்பனையாலோ வேறோர் இளம் நடிகராலோ உருவாக்க முடியாத ஒன்று இதனால் கிடைத்தது: ஒரே மனிதனின் முகத்தில் முப்பது ஆண்டுகள் உண்மையாகவே கடந்துபோனதைப் பார்வையாளர் கண்ணால் காண்கிறார். எதிர்நிலைப் பாத்திரமான இசைத் தயாரிப்பாளர் வாலண்டைனாக நடித்த பீட்டர் ஃபோண்டா, 'ஈஸி ரைடர்' (1969) மூலம் அமெரிக்க இளைஞர் எழுச்சியின் முகமாக அறியப்பட்டவர். ஆக, அறுபதுகளின் இரண்டு முகங்கள் தொண்ணூறுகளின் இறுதியில் மோதிக்கொள்கின்றன. பாத்திரங்களின் கடந்தகாலத்தை நடிகர்களின் கடந்தகாலமே சுமக்கிறது.

7. பணம் வந்தபின் நேர்ந்தது

'ஜான் விக்' முதற்படம் உலகெங்கும் எட்டரைக் கோடி டாலருக்கு மேல் ஈட்டியதால் அது தொடராக வளர்ந்தது. 2017, 2019, 2023 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்த பாகங்கள் வந்தன; நான்காம் பாகத்தின் செலவு ஏறத்தாழப் பத்துக் கோடி டாலரை எட்டியது, வசூல் 40 கோடி டாலரைத் தாண்டியது. முதற்படம் 101 நிமிடம். நான்காவது 169 நிமிடம். ஸ்டண்ட் கலைஞராகத் தொழிலைத் தொடங்கி, 'தி மேட்ரிக்ஸ்' (1999) படத்தில், பின்னர் ஜான் விக்காக நடித்த கீயானு ரீவ்ஸுக்கு மாற்றாளாக நின்ற ஸ்டஹெல்ஸ்கி, சண்டையமைப்புக் கலையை இத்தொடரில் மிக உயர்ந்த நிலைக்குக் கொண்டுசென்றார் என்பதில் ஐயமில்லை. வெட்டுகளைக் குறைத்து, நடிகரையே பல மாதம் பயிற்றுவித்து, உடல் முழுவதும் தெரியும்படி நீளமாகப் படமாக்கும் அவருடைய முறை, உலகச் சண்டைப்படங்களின் மொழியையே மாற்றியது.

ஆனால் முதற்படத்தில் வதந்தியாக இருந்தவை அடுத்த பாகங்களில் காட்சிகளாகிவிட்டன. அந்தக் குற்ற உலகின் மேலவை, அதன் சட்டம், நாணயம், கடன்முத்திரை, பிறநாட்டு விடுதிகள் என்று எல்லாம் விளக்கப்பட்டன. விளக்கப்பட்ட அளவுக்கு நாயகனின் ஓய்வு மங்கியது. அவன் விலகியிருந்த ஐந்தாண்டு வாழ்க்கையும் காங்கிரீட் தரையும் கதையிலிருந்து நழுவின. முதற்படத்தில் மனைவியின் மரணத்திற்காக அழும் ஒரு மனிதன் இருந்தான். பின்னர் அவன் தப்பிக்கவும் சுடவும் மட்டுமே நேரம் உள்ளவன் ஆனான். படைப்பாளிகளின் திறமை குறைந்ததால் இப்படி நேரவில்லை; பாய்ச்சலையே காட்டிக்கொண்டிருக்கும் படத்தில் பதுங்கலுக்கும் இடமில்லை, ஓய்வுக்கும் இடமில்லை என்பதே காரணம்.

8. பழி யார்மேல் விழுகிறது

பழிவாங்கல் கதை ஒரு கணக்கு வழக்குப் போல நடக்கிறது: இழப்பு ஒரு பக்கம், அதற்கு ஈடு மறுபக்கம். சாதாரணப் படங்கள் கணக்கு நேராகும் இடத்தில் முடிகின்றன. இந்த மரபின் சிறந்த படங்களோ கணக்கை இறுதிவரை போட்டுப் பார்த்து, கடனாளிகள் பட்டியலில் நாயகனின் பெயரையும் கண்டுபிடிக்கின்றன.

'டோக்கியோ ட்ரிஃப்டர்' இறுதியில் தெத்சு அறிந்துகொள்வது, தனக்குக் குழி பறித்தவன் எதிரியல்லன், தான் தந்தைபோல் மதித்த தலைவன் குராத்தாவே என்பதாகும். ஜப்பானிய வழக்கில் 'கிரி' எனப்படுவது, தனக்கு நன்மை செய்தவருக்குத் தன் விருப்பத்தையும் மீறிப் பட்டிருக்கும் கடமை. அறுபதுகளில் டோயெய் நிறுவனம் ஏராளமாக எடுத்த 'நிங்க்யோ' படங்கள், அதாவது கண்ணியமான யாகுசாவைப் போற்றும் படங்கள், இக்கடமையையே மையமாகக் கொண்டிருந்தன. தெத்சுவின் விலகல் தலைவனின் விலகலைப் பின்பற்றிய விலகல் என்பதால், தலைவன் பொய்யானபோது அவனுடைய ஓய்வும் பொய்யாகிவிடுகிறது. காதலியையும் விட்டு அவன் தனியே நடந்துபோகிறான். 'எ பெட்டர் டுமாரோ' இறுதியில் துரோகியைச் சுட்டுக் கொன்ற ஹோ, காவல் அதிகாரியாகிய தன் தம்பியின் கைவிலங்கைத் தன் கையில் தானே மாட்டிக்கொள்கிறான். பழி தீர்ந்த அதே கணத்தில் குற்றமும் ஏற்கப்படுகிறது.

'தி லைமி' இவற்றையெல்லாம்விட ஆழமாகச் செல்கிறது. கணுக்கால் முறிந்து கடற்கரைப் பாறைகளிடையே கிடக்கும் வாலண்டைன், வில்சனின் மகள் ஜென்னி எப்படி இறந்தாள் என்பதைச் சொல்கிறான். அவனுடைய போதைப்பொருள் பேரத்தை அறிந்த அவள், காவல்துறைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவதாக மிரட்டியிருக்கிறாள். தடுக்கப்போன கைகலப்பில் இறந்திருக்கிறாள். இதைக் கேட்டவுடன் வில்சனின் நினைவில், தன்னைக் காவல்துறையிடம் காட்டிக்கொடுக்கப்போவதாகத் தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் சிறுமி ஜென்னி தோன்றுகிறாள். அப்பா குற்றத்தை விட வேண்டும் என்பதற்காக அந்தக் குழந்தை கண்டுபிடித்த ஒரே வழி அந்த மிரட்டல். காட்டிக்கொடுக்க அவள் ஒருபோதும் எண்ணியதில்லை, அன்பு வைத்தவனை நிறுத்தப் பார்த்தாள். அவள் வளர்ந்தபின் அதே வழியை வேறொருவனிடம் கையாண்டாள், அவன் அவளை அப்பா அறிந்ததுபோல் அறிந்திருக்கவில்லை. அவளுடைய மரணத்தின் விதை தன் வீட்டில் விதைக்கப்பட்டது என்று வில்சன் உணர்கிறான், சுடாமல் திரும்பிப்போகிறான். பழிவாங்க வந்தவன், பழி தன்னையும் சேர்ந்தது என்று கண்டுகொண்டதால் கை தாழ்த்தும் இந்த முடிவுக்கு ஆன செலவு ஒரு கடற்கரையும் இரண்டு முதிய நடிகர்களும் மட்டுமே.

9. திரைக்கு வெளியே ஓய்வு

இவ்வளவு படங்கள் சொல்லும் ஓய்வு நடைமுறையில் எப்படி இருக்கிறது என்பதை ஆராயாமல் இந்த ஆய்வு நிறைவுறாது. அதற்கு ஜப்பானே ஏற்ற களம். காவல்துறைக் கணக்கின்படி அங்கே யாகுசா கூட்டங்களின் உறுப்பினரும் சார்ந்தோரும் 1963இல் ஏறத்தாழ 1,84,000 பேர். 2023 இறுதியில் 20,400 அளவுக்குக் குறைந்துவிட்டனர். 1992இல் நடைமுறைக்கு வந்த கூட்டத் தடுப்புச் சட்டமும், 2011க்குள் எல்லா மாகாணங்களிலும் வந்துவிட்ட விலக்கல் விதிகளும் இதற்கு முக்கியக் காரணங்கள். விலக்கல் விதி என்பது, கூட்டத்தாரோடு வணிகம் வைத்துக்கொள்வதையே பொதுமக்களுக்கும் நிறுவனங்களுக்கும் தடுக்கும் விதி. இதன் தொடர்ச்சியாகக் கூட்டத்தை விட்டு விலகியவரும் ஐந்தாண்டுகள் வரை உறுப்பினர் போலவே நடத்தப்படுகிறார். வங்கிக் கணக்கும் கைபேசியும் வாடகை வீடும் கிடைப்பது அரிதாகிறது. உண்மை வாழ்வில் விலகியவனைத் தேடிவருவது பழைய பகைவனைவிட, நிரப்ப முடியாத ஒரு விண்ணப்பப் படிவம்தான்.

இந்த உண்மையைத் திரைக்குக் கொண்டுவந்த மிவா நிஷிகாவாவின் 'அண்டர் தி ஓப்பன் ஸ்கை' (2020), இந்த மரபுக்கு மறுமொழியாக நிற்கும் படம். ரியூசோ சாக்கியின் நூலைத் தழுவிய இதில், கொலைக்காக 13 ஆண்டு சிறையிருந்து வெளிவரும் மிகாமியாகக் கோஜி யாகுஷோ நடித்தார். உயர் இரத்த அழுத்தம், காலாவதியான ஓட்டுநர் உரிமம், அரசு உதவித்தொகை, அண்டைவீட்டாரின் சந்தேகப் பார்வை ஆகியவையே அவனுடைய எதிரிகள். பெரும்போராட்டத்திற்குப் பின் முதியோர் இல்லமொன்றில் அவனுக்கு வேலை கிடைக்கிறது. அங்கே உடன் வேலைசெய்யும் குறைபாடுடைய ஓர் இளைஞனைப் பிற ஊழியர்கள் கேலி செய்து பழிக்கிறார்கள். வேறெந்தப் படமாக இருந்தாலும் பாய்ச்சல் இங்கே தொடங்கியிருக்கும். பார்வையாளரின் கையும் தானாக இறுகுகிறது. மிகாமியின் மனத்தில் அந்த அடி ஒரு கணம் விழுந்தும்விடுகிறது. ஆனால் அவன் எழுவதில்லை. வேலையை இழக்கக்கூடாது என்பதற்காக, தனக்கு உதவியவர்களுக்குக் கொடுத்த வாக்கிற்காக, அவர்களோடு சேர்ந்து சிரித்து வைக்கிறான். அந்தச் சிரிப்பு முகத்தில் வலிபோல் பரவுகிறது. பின்னர் புயல் வருமுன் தோட்டத்தில் வெட்டியெடுத்த காஸ்மாஸ் பூக்களை அதே இளைஞன் அவனுக்குக் கொடுக்கிறான். அன்றிரவு அந்தப் பூக்களோடு மிகாமி தன் அறையில் இறந்துகிடக்கிறான்.

10. முடிவு

மேற்கண்ட ஆய்வு மூன்று செய்திகளைத் தெளிவாக்குகிறது. முதலாவது, விலகிய தாதாவின் கதையும் சிறுமுதலீடும் தற்செயலாகச் சேர்ந்தவை அல்ல; கருவிகள் குறைந்த ஒரு முதியவனின் கதையை, கருவிகள் குறைந்த ஒரு படக்குழு சொல்லும்போது உள்ளடக்கமும் உருவமும் ஒன்றையொன்று தாங்குகின்றன. இரண்டாவது, அடி வாங்கும் காட்சி, வதந்தி, காட்டப்படாத சண்டை, நடிகரின் உண்மையான வயது ஆகிய உத்திகள் வறுமையிலிருந்து பிறந்தாலும் வறுமைக்கு மாற்றாக மட்டும் நின்றுவிடவில்லை. கடந்தகாலம் என்பது பார்க்க முடியாத, ஆனால் சுமக்க வேண்டிய ஒன்று என்னும் உண்மைக்கு அவையே ஏற்ற மொழியாக அமைந்தன. மூன்றாவது, இந்த மரபின் உயரம் நாயகன் எத்தனை பேரை வீழ்த்தினான் என்பதில் இல்லை, எந்த இடத்தில் நிறுத்தினான் என்பதில் இருக்கிறது.

வன்முறையை விட்டவன் மீண்டும் அதை எடுக்கும்போது கைதட்டுவது பார்வையாளருக்கு எளிது. பாறைகளிடையே கிடப்பவனைச் சுடாமல் திரும்பிய வில்சனுக்கும், முதியோர் இல்லத்தில் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த மிகாமிக்கும் திரையரங்கில் கைதட்டல் எழுவதில்லை. புலி பாய்வதற்காகவே பதுங்குகிறது என்பதைப் பெரும்பாலான படங்கள் காட்டுகின்றன. பாய முடிந்தும் பாயாத ஒரு கணத்தைக் காட்டிய படங்கள்தாம், ஓய்வு என்ற சொல்லுக்கு ஒரு தாதாவின் வாழ்வில் என்ன விலை என்பதைப் பார்வையாளருக்கு உணர்த்தியிருக்கின்றன.